பேப்பர் போடுறதுக்கு ரொம்ப முன்னாடி

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள பிரிச்சு வச்சப்போ பாதிக்கு மேல ஒரே விஷயமாத்தான் இருந்துச்சு, வேலையில மனசு ஒட்டலன்னு சிலர், ஆள் நிக்கவே மாட்டேங்கறாங்கன்னு சிலர், அதனால மத்த கேள்விகள அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். அம்பத்தூர்ல ஒரு ஃபேக்டரில பர்சனல் டிபார்ட்மென்ட்ல 19 வருஷம், அப்புறம் ஓ.எம்.ஆர்.ல ஒரு ஆபீஸ்ல 9 வருஷம் வேலை பார்த்தவ நான். ஆள் சேரும்போது முதல் பேச்சும் விட்டுட்டு போகும்போது கடைசி பேச்சும் என் டேபிள்லதான் நடக்கும், அங்க கேட்டத வச்சுத்தான் எழுதறேன்.

அக்கா, வயசு 31, சோழிங்கநல்லூர்ல ஐ.டி. கம்பெனி, 6 வருஷமா ஒரே இடம். முதல் 4 வருஷம் புரொடக்‌ஷன்ல ஏதாச்சும் விழுந்தா, அதாவது கஸ்டமர் யூஸ் பண்ற சிஸ்டம் நின்னா, ராத்திரி 2 மணிக்கு யாரும் கூப்பிடாமலே லாகின் பண்ணுவேன். இப்போ டிக்கெட்னு ஒரு வேலை வந்தா முடிக்கிறேன், ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல ரெண்டு வரி சொல்றேன், 6 மணிக்கு லேப்டாப்ப மூடிடறேன். சம்பளத்துல குறையில்ல, டீம் லீடும் திட்டறவர் இல்ல. போன வருஷம் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ்ல பிரச்சனை வரும்னு 3 தடவை சொன்னேன், 'நோட்டட்'னாங்க, அதே பிரச்சனை வந்துச்சு, விடிய விடிய உக்காந்து நாங்கதான் சரி பண்ணோம், ஆனா அது பழைய கதை. நான் சோம்பேறி ஆயிட்டேனா?
வாசகி, பெரம்பூர்

சோம்பேறி ஆனவங்களுக்கு இப்படி ஒரு கேள்வி எழுதி அனுப்பணும்னே தோணாது தங்கச்சி. உங்க கடிதத்துல 'பழைய கதை'ன்னு நீங்க தள்ளி விட்டுட்டு போன அந்த வரிய நான் ரெண்டு தடவை படிச்சேன். சம்பளம், டீம் லீடு, டைமிங் எல்லாத்தயும் பொதுவா சொன்ன நீங்க இத மட்டும் எத்தன தடவ சொன்னீங்க, அவங்க என்ன வார்த்தை சொன்னாங்கன்னு எண்ணி எழுதியிருக்கீங்க. அப்படி ஞாபகம் இருக்கறது பழைய கதை இல்ல.

1990-ல வில்லியம் கான்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், ஒரு சம்மர் கேம்ப்ல வேலை பார்த்தவங்களயும் ஒரு கட்டட வடிவமைப்பு ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களயும் கூடவே இருந்து கவனிச்சு ஒரு கட்டுரை எழுதினாரு. ஒரே ஆளு ஒரு வேலையில முழுசா தன்னக் கொடுக்கறாரு, இன்னொரு நேரத்துல உடம்ப மட்டும் வச்சுட்டு உள்ளுக்குள்ள விலகிக்கறாரு, அது குணத்த பொறுத்தது மட்டும் இல்லன்னு அவரு பார்த்தாரு. மூணு விஷயம் இருந்தா மனுஷன் உள்ள வர்றான்னு சொல்றாரு. நான் செய்யறதுக்கு அர்த்தம் இருக்கு, மனசுல பட்டத சொன்னா எனக்கு கெடுதல் வராது, கொடுக்கறதுக்கு எங்கிட்ட தெம்பு மிச்சம் இருக்கு, இந்த மூணும்.

உங்க விஷயத்துல முதலாவதுதான் அடி வாங்கியிருக்கு. சொன்னதுக்கு யாரும் கோவிச்சுக்கல, தண்டனையும் கொடுக்கல, ஆனா நீங்க சொன்னதும் சொல்லாததும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. திட்டு வாங்கினா கூட பதிலுக்கு ஒரு கோவம் வரும், அந்த கோவத்துல கொஞ்சம் உயிர் இருக்கும். 'நோட்டட்' கேட்டவங்களுக்கு அந்த கோவம்கூட வராது, அடுத்த தடவை கண்ணுக்கு தெரிஞ்ச தப்ப பார்த்தும் வாய் திறக்க மாட்டாங்க. என் டேபிள்ல நான் பார்த்த வரைக்கும் நல்லா வேலை செய்யறவங்க ராஜினாமா பேப்பர் போடுறதுக்கு ரொம்ப முன்னாடியே மீட்டிங்ல பேசறத நிறுத்தியிருப்பாங்க, மேனேஜருங்க 'இப்பல்லாம் அந்த பொண்ணு பிரச்சனையே பண்றதில்ல'ன்னு சந்தோஷமா சொல்லும்போது எனக்கு வயித்துல புளிய கரைக்கும்.

மூணாவது, தெம்பு. பெரம்பூர்லேர்ந்து சோழிங்கநல்லூருக்கு ட்ரெயின் மாறி திருவான்மியூர்ல எறங்கி, அங்கேர்ந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, ரோடு முழுக்க மெட்ரோ வேலை வேற. ஒரு நாள்ல 3 மணி நேரத்துக்கு மேல ரோட்லயே போறவங்களுக்கு சாயந்திரம் என்ன மிச்சம் இருக்கும்? 2019-ல உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டுக்கு ஒரு விளக்கம் கொடுத்துச்சு, தீராத சோர்வு, வேலை மேல ஒரு தள்ளி நிக்கற மனசு, நம்மால ஒண்ணும் ஆகலங்கற உணர்வு, மூணும் சேர்ந்து வரும்னு. வியாதின்னு சொல்லல, வேலை எடத்துல தீராத அழுத்தத்தால வர்றதுன்னாங்க. உங்களுக்கு நடுவுல இருக்கற அந்த தள்ளி நிக்கறது வந்துடுச்சு, மத்த ரெண்டும் கூட சேர்ந்து தூக்கம் கெட ஆரம்பிச்சுட்டா டாக்டர பாருங்க, அதுல வெக்கம் வேணாம்.

இப்ப என்ன பண்றது. உடனே பேப்பர் போடாதீங்க, இதே மனசோட போற இடத்துலயும் 6 மாசத்துல இதே 'நோட்டட்' வரலாம். உங்க டீம் லீடு கிட்ட அரை மணி நேரம் கேளுங்க, பொதுவா 'மோட்டிவேஷன் இல்ல'ன்னு சொல்லாதீங்க, அதுக்கு அவர்கிட்ட ஒரு பதிலும் இருக்காது. அந்த ரிலீஸ் கதைய தேதியோட சொல்லுங்க, நான் சொன்னது எங்க போச்சு, அடுத்த ரிலீஸ்ல ரிஸ்க் பார்க்கற வேலைய என் பேர்ல போடுவீங்களான்னு கேளுங்க. ஒரு பொருள கேக்கற மாதிரி கேக்கணும். ரெண்டு மாசம் பாருங்க. அவரு ஒரு அடி எடுத்து வச்சாலும் நீங்க அதே பழைய ஆளா திரும்பி வருவீங்க. ஒண்ணுமே நடக்கலன்னா தேட ஆரம்பிங்க, 90 நாள் நோட்டீஸ் இருந்தா அதயும் கணக்குல வச்சுக்குங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், நீங்க மட்டும் இப்படி இல்ல. காலப்ங்கற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலகம் முழுக்க எடுக்கற கணக்குல 2024-ல வேலையில மனசோட ஈடுபடறவங்கன்னு வந்தது 100-க்கு 21 பேர்தான்.

மேடம், அம்பத்தூர் எஸ்டேட்ல கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. மெஷின் வச்சு மத்த கம்பெனிங்களுக்கு பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கற ஜாப் வொர்க் யூனிட் நடத்தறேன், 22 பேர். ஐ.டி.ஐ. முடிச்ச பசங்கள எடுத்து, ஒண்ணும் தெரியாதவனுக்கு மெஷின் செட்டிங் வரைக்கும் கத்துக்கொடுத்தா 8 மாசத்துல 1,500 ரூபா அதிகம்னு ஒரகடம் பக்கம் ஓடிடறான். நன்றியே கிடையாது. சம்பளத்த ஏத்தினா எனக்கு ஒண்ணும் நிக்காது. என்ன வழி?
யூனிட் ஓனர், அம்பத்தூர்

சார், உங்க கஷ்டம் தெரியுது. ஒரு பையன் போனா மெஷின் நிக்கும், டெலிவரி தள்ளும், கஸ்டமர் போன் போட்டு கத்துவாரு, புதுப் பையன் கைய வச்சா முதல் மாசம் எவ்ளோ ரிஜெக்‌ஷன் வரும்னு நானும் பார்த்திருக்கேன். ஆனா அந்த 1,500 ரூபாய நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க. அம்பத்தூர்லேர்ந்து ஒரகடம் 40 கிலோமீட்டருக்கு மேல. அங்க ரூம் எடுத்தா வாடகை, அம்மா சமையல் போய் மெஸ் சாப்பாடு, மாசக் கடைசில அவன் கையில முன்ன விட குறைவாத்தான் நிக்கும். அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் போறான்னா காசு அவன் சொல்ற காரணம் சார், ஏன்னா வாய் விட்டு சொல்றதுக்கு ரொம்ப சுலபமான காரணம் அதுதான்.

கடைசி நாள்ல எங்கிட்ட வர்ற எல்லாரும் முதல்ல 'சம்பளம் மேடம்'தான் சொல்வாங்க. டீ வந்து பாதி குடிச்சப்புறம்தான் ரெண்டாவது விஷயம் வரும். ஒரு ஆபரேட்டர் தம்பி, கையில அவ்ளோ சுத்தம், அவன் போட்ட பீஸ கேஜ் வச்சு பார்க்கவே வேணாம். அக்காவுக்கு வளைகாப்புன்னு ஒரு மாசம் முன்னாடியே லீவு கேட்டான், சரின்னாங்க, முந்தின நாள் சாயந்திரம் ரிலீவர் வரலன்னு 'நாளைக்கு நீ வந்தே ஆகணும்'னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. வந்தான், வேலையும் செஞ்சான், ஒரு வார்த்த பேசல. 4 மாசம் கழிச்சு பேப்பர் போட்டான், ஃபார்ம்ல 'நல்ல சம்பளம்'னு எழுதினான். எங்க கிட்ட இருந்த கணக்குல அது சம்பளத்துக்காக போன ஆளுன்னுதான் பதிவாச்சு. அன்னிக்கு நான் அந்த சூப்பர்வைசர போய் கேக்கல, அது இன்னமும் எனக்கு உறுத்துது.

அதனால சம்பளத்த ஏத்தறதுக்கு முன்னாடி, கொடுத்த வாக்கு எத்தன நிக்குதுன்னு பாருங்க. சேரும்போது '6 மாசத்துல பார்த்து போட்டுத் தர்றேன்'னு நீங்க சொன்னது உங்களுக்கு ஒரு பேச்சு, அவன் வீட்ல அம்மாகிட்ட அத தேதியாவே சொல்லி வச்சிருப்பான். பொத்தாம் பொதுவா சொல்லாம, லோடிங் அன்லோடிங் தெரிஞ்சா இவ்ளோ, டூல் அளவ திருத்தற ஆஃப்செட் போட தெரிஞ்சா இவ்ளோ, தனியா செட்டிங் பண்ணா இவ்ளோன்னு செவுத்துல எழுதி ஒட்டுங்க. கத்துக்கொடுக்கறதுதான் உங்க யூனிட்டோட பலம், ஆனா கத்துக்கிட்டதுக்கு பலன் ஒரகடத்துலதான் கிடைக்கும்னா அவன் அங்கதான போவான்?

அப்புறம் பி.எஃப்.ங்கற சேமநிதி, ஈ.எஸ்.ஐ.ங்கற மருத்துவக் காப்பீடு விஷயம். 20 பேருக்கு மேல இருக்கற உங்க யூனிட்டுக்கு பி.எஃப். உண்டு, மாசம் 21,000 ரூபா வரைக்கும் வாங்கறவங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அதுல தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான், 3.25 உங்களது. இதெல்லாம் ஒழுங்கா கட்டுனாலும் பையனுக்கு யாராச்சும் எடுத்து சொல்லியிருக்கோமா? அவன் பார்க்கறது பிடிச்ச பணத்த மட்டும்தான். அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா அந்த ஈ.எஸ்.ஐ. கார்டு எப்படி உதவும்னு ஒரு நாள் டீ டைம்ல உக்கார வச்சு சொல்லுங்க. 5 வருஷம் முடிச்சா, வேலைய விடும்போது மொத்தமா கிடைக்கற கிராஜுவிட்டி உண்டுன்னு காகிதத்துல போட்டு காட்டுங்க, பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000-ன்னா அத 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து வருஷத்தால பெருக்கணும், 6 வருஷத்துக்கு 62,300 ரூபா சுமாருக்கு வரும். இருபது வயசுப் பையனுக்கு அது தூரமாத்தான் தெரியும், ஆனா வீட்ல இருக்கற பெரியவங்களுக்கு கிட்டத்துல தெரியும்.

கடைசியா ஒண்ணு, இதுக்கு ஒரு பைசா செலவில்ல. உங்க பையன் ஒரு நாளைக்கு 300 புஷ்ங்கற உலோக வளையம் போடறான், அது எந்த வண்டியில எந்த எடத்துல உக்காருதுன்னு அவனுக்குத் தெரியுமா? அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டிக்கு நன்கொடை கேட்டு போன் போடறவங்கள வச்சு ஆடம் கிராண்டுன்னு ஒருத்தர் செஞ்ச ஆய்வு 2007-ல வந்துச்சு. அந்த காசுல ஸ்காலர்ஷிப் வாங்கி படிக்கற ஒரு மாணவர அவங்க 5 நிமிஷம் நேர்ல பார்த்துப் பேசினாங்க, அவ்ளோதான். ஒரு மாசம் கழிச்சு பார்த்தா அவங்க போன்ல இருந்த நேரம் ரெண்டு மடங்குக்கு மேல, திரட்டின பணமும் ரெண்டரை மடங்குக்கு மேல ஆயிருந்துச்சு. சம்பளம் ஏறல, ஆளும் மாறல. உங்க கஸ்டமர் கிட்ட கேட்டு அந்த அசெம்பிளி ஒண்ண கொண்டு வந்து ஷாப் ஃப்ளோர்ல வைங்க, 'உன் பீஸ் இங்க உக்காருது, 20 மைக்ரான் கூடிப் போச்சுன்னா இது புடிச்சுக்கும்'னு தொட்டுக் காட்டுங்க. வர்ற ஆயுத பூஜைக்கு பூசணிக்கா உடைக்கறத நீங்க செய்யாம அந்த வருஷம் செட்டிங் கத்துக்கிட்ட பையன் கையில கொடுங்க. எங்க ஃபேக்டரில ஒரு ஃபோர்மேன் அப்படித்தான் செய்வாரு, அவரு லைன்லேர்ந்து ஆள் போனது ரொம்பக் குறைவு.

பர்த்டேக்கு கேக் வெட்டறது, வெள்ளிக்கிழமை கேம்ஸ், இதெல்லாம் ஆள நிறுத்துமா?
ஹெச்.ஆர். எக்சிக்யூட்டிவ், கிண்டி

நிறுத்தாது, ஆனா வேணாம்னு சொல்ல மாட்டேன். ஹெர்ஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1959-லயே சொன்னது, மனுஷன கசக்க வைக்கற விஷயங்களும் அவன சந்தோஷமா வேலை செய்ய வைக்கற விஷயங்களும் வேற வேற. சம்பளம், ரூல்ஸ், மேலதிகாரி நடத்தற விதம் இதெல்லாம் கெட்டா கசப்பு வரும், சரி பண்ணா கசப்பு போகும், அவ்ளோதான். உழைப்புக்கு அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி, இதுலதான் பிடிப்பு வரும்னாரு. கேக் இந்த ரெண்டுலயும் பெருசா சேராது. பிறந்தநாள் அன்னிக்கு அவங்க போன மாசம் செஞ்ச ஒரு நல்ல வேலைய பேர் சொல்லி ஒரு வரி சொல்லுங்க, கேக்குக்கும் ஒரு அர்த்தம் வந்துடும்.

அக்கா, தி.நகர்ல ஜவுளிக்கடையில 14 வருஷமா புடவை செக்‌ஷன்ல இருக்கேன். என் கல்யாணத்துக்கு முதலாளி 50,000 கொடுத்தாரு, சம்பளத்துல கழிச்சே முடிச்சுட்டேன். நின்னு நின்னு கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. வீட்டுக்குப் பக்கத்துலயே குரோம்பேட்டையில ஒரு கடையில கூப்பிடறாங்க. போனா நான் நன்றி கெட்டவளா?
வாசகி, பல்லாவரம்

இல்லவே இல்லம்மா. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொன்னவங்க நினைக்கத்தான் சொன்னாங்க, கால் போற வரைக்கும் நில்லுன்னு சொல்லல.

மேயர், ஆலன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கனடாவுலேர்ந்து 1991-ல எழுதினது ஒண்ணு இருக்கு, ஒருத்தர ஒரு வேலையில கட்டி வைக்கறது மூணு கயிறுன்னு வச்சுக்கலாம். ஆசைப்பட்டு இருக்கறது, விட்டா நஷ்டம்னு இருக்கறது, விட்டா தப்புன்னு கடமைக்கு இருக்கறது. உங்கள கட்டி வச்சிருக்கறது மூணாவது. அது நல்ல கயிறுதான், ஆனா கயித்த போட்டவங்க பக்கத்துலேர்ந்தும் அத பிடிச்சிருக்கணும். கல்யாணத்துக்கு கை கொடுத்த அதே முதலாளி, 14 வருஷமா உங்க கால பார்த்தாரா?

கேக்கக் காரணம் இருக்கு. 2021-ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி, வேலை செய்யறவங்க எல்லாருக்கும் உக்கார வசதி செஞ்சு தரணும்னு போட்டாங்க, அதுக்கு முன்னாடியே 2018-ல கேரளாவுல வந்துடுச்சு. கஸ்டமர் இல்லாத நேரத்துல உக்கார்றது உங்க உரிமை, யாரும் போடற பிச்சை இல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை முதலாளிய நேர்ல பார்த்து, ஃப்ளோர் சூப்பர்வைசர் வழியா வேணாம், கால காட்டி ஒரு ஸ்டூலும் பில்லிங் பக்கம் மாத்தமும் கேளுங்க. உங்க செக்‌ஷனுக்கு வர்ற பழைய கஸ்டமருங்க உங்க மூஞ்சிய பார்த்து வர்றவங்க, அது அவருக்கும் தெரியும். செஞ்சு கொடுத்தாருன்னா இருக்கறதா போறதான்னு அப்புறம் நிதானமா யோசிங்க. இல்லன்னா ஆடித் தள்ளுபடிக்கு நடுவுல மட்டும் விட்டுட்டுப் போகாம, ஒரு பொண்ணுக்கு ஸ்டாக் எங்க இருக்குன்னு சொல்லிக் கொடுத்துட்டு, முதலாளி வீட்டு அம்மாவையும் பார்த்து சொல்லிட்டு போங்க. டாக்டர முதல்ல பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

அம்மா, நான் ஆவடியில அரசாங்க ஃபேக்டரில 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். என் மகன் 7 வருஷத்துல 4 கம்பெனி மாறிட்டான், ஒண்ணுல மட்டும் 3 வருஷம் இருந்தான், அதையும் கம்பெனிய இன்னொருத்தன் வாங்கினதும் விட்டுட்டான். இந்தத் தலைமுறைக்கு விசுவாசமே இல்லையா?
வாசகர், பட்டாபிராம்

ஐயா, 34 வருஷம் ஒரு வாசல்ல போய் வந்தது சின்ன விஷயமில்ல. ஆனா உங்கள அங்க நிக்க வச்சது உங்க குணம் மட்டும்தானா? குவார்ட்டர்ஸ், சீனியாரிட்டில பிரமோஷன், யூனியன், கடைசி வரைக்கும் பென்ஷன்னு அந்த இடமும் உங்கள விடாம பிடிச்சிருந்துச்சு. அந்தப் பழைய பென்ஷன் 2004 ஜனவரிக்கு அப்புறம் மத்திய அரசு வேலையில புதுசா சேர்ந்தவங்களுக்கே மாறிப் போச்சு, தமிழ்நாட்டு அரசுல 2003 ஏப்ரலுக்கு அப்புறம். தனியார்ல இருக்கற உங்க மகனுக்கு அப்படி ஒரு கை நீட்டினவங்களே இல்ல, கூட வேலை பார்த்தவங்கள ஒரே மெயில்ல அனுப்பினத அவரு கண்ணால பார்த்திருப்பாரு.

பழைய காலத்துல எல்லாரும் விசுவாசமா அமைதியா இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது. நம்ம பெரம்பூர்லயே பக்கிங்காம் கர்னாட்டிக் மில்லு, ஆயிரக்கணக்குல ஜனங்க. மேஸ்திரிங்க திட்டு, அடி, மதியம் சாப்பிட அரை மணி நேரம்தான், அதுக்குள்ள வெளிய வந்து சாப்பிட்டுட்டு ஓடணும். சொல்றதுக்கு மில்லுக்குள்ள ஒரு காது இல்ல. அங்க கடை வச்சிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்தின சபாவுக்கு ஆன்மிகப் பேச்சு கேக்க வந்த தொழிலாளிங்கதான் அவங்ககிட்ட மனசு விட்டு சொன்னாங்க. அது பி.பி.வாடியா, திரு.வி.க. மாதிரி தலைவருங்க வரைக்கும் போய் 1918 ஏப்ரல் 27-ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆச்சு, இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு இன்னிக்கும் சொல்றாங்க. உள்ள கேக்க ஆள் இல்லாதப்போ அவங்க ஒண்ணா சேர்ந்து வெளியிலேர்ந்து கேட்டாங்க. உங்க மகன் தலைமுறைக்கு ஒண்ணா சேர எடம் அமையல, அதனால ஒத்தையா வேற கம்பெனிக்கு போறாங்க.

நீங்க எழுதினதுலயே பதில் பாதி இருக்கு ஐயா. ஒரு கம்பெனில 3 வருஷம் இருந்தாரே, ஏன் இருந்தாருன்னு எப்பவாச்சும் கேட்டீங்களா? 'ஏன் விட்ட'ன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க, 'ஏன் இருந்த'ன்னு வீட்ல யாரும் கேட்டிருக்க மாட்டோம். இந்த ஞாயித்துக்கிழமை சாப்பிட்டப்புறம் கேட்டுப் பாருங்க, அந்த மூணு வருஷம் உன் மேல யார் இருந்தாங்க, என்ன வேலை கொடுத்தாங்க, கம்பெனி கை மாறினதும் முதல்ல என்ன போச்சுன்னு. அப்புறம் உங்க 34 வருஷத்துல எந்த வருஷம் நீங்க விட்டுடலாம்னு நினைச்சீங்கன்னு அவருக்கும் சொல்லுங்க. என்ன சொன்னாருன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.